பாரம் இழுக்கும்போது லேண்ட்மாஸ்டர் ஏன் கொதிக்கிறது?

எமது மாவட்டத்தில் இரு சக்கர உழவு இயந்திரத்தை எந்தக் கம்பனி செய்திருந்தாலும் ‘லேண்ட்மாஸ்டர்’ என்றே அழைக்கிறோம். அது வயல் உழுவது ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே. மற்ற நாட்களில் பின்னால் பெட்டியைப் பூட்டி நெல், விறகு, செங்கல், மணல், வைக்கோல் என்று ஏற்றி இறக்குவதே அதன் வேலை. கணவனை இழந்த, அல்லது கணவன் காணாமல் ஆக்கப்பட்ட சகோதரிகள் சிலருக்கு இந்த இயந்திரமே வீட்டின் அடுப்பை எரிய வைக்கிறது. சிலருக்கு அது வாழ்வாதார உதவியாகக் கிடைத்தது. சிலர் நகையை அடகு வைத்து வாங்கினார்கள். சிலர் இன்னும் மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இயந்திரங்கள் பற்றிப் பெண்களிடமிருந்து அடிக்கடி வரும் முறைப்பாடு ஒன்று உண்டு. “சும்மா ஓடினா ஒண்டுமில்ல. பெட்டியில பாரம் ஏத்தினா மட்டும் கொதிக்குது.” உடனே ஒருவர் “ஹெட் போயிற்று” என்பார், இன்னொருவர் “றேடியேற்றரை மாற்று” என்பார். பணம் செலவாகும். அடுத்த அறுவடைக்கு மறுபடியும் கொதிக்கும்.

இயந்திரம் ஓட்டத் தெரியாத பெண்ணும் இந்த நட்டத்தைத் தவிர்க்கலாம். எப்போது கொதிக்கிறது, எப்போது கொதிக்கவில்லை என்பதைக் கவனித்து வைத்திருந்தால் போதும். நோயாளி தன் வருத்தத்தைச் சரியாகச் சொன்னால் வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்துவிடும் அல்லவா? இயந்திரத்தால் பேச முடியாது. அதற்காகப் பேச வேண்டியவர் உரிமையாளரான நீங்கள்.

பெயர் வந்த விதம்

‘லேண்ட்மாஸ்டர்’ என்பது முதலில் ஓர் இங்கிலாந்துக் கம்பனியின் பெயர். இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924-2010) 1950களில் சிறு வயல்களுக்கு ஏற்ற இரு சக்கர உழவு இயந்திரமொன்றை உருவாக்கினார். அதை அந்தக் கம்பனி தயாரித்தது. பின்னர் ஜப்பானிய, சீன இயந்திரங்கள் வந்து வயல்களை நிரப்பிவிட்டன. ஆனாலும் பழைய பெயர் எமது வாயில் தங்கிவிட்டது.

எருமைக்குப் பதிலாக உழ வந்த இயந்திரம் காலப்போக்கில் மாட்டு வண்டிக்குப் பதிலாகவும் ஆகியது. படுவான்கரை வட்டைகளிலிருந்து வரும் நெல் முன்பு மண்முனைத் துறையில் ‘பாதை’க்காகக் காத்து நிற்கும். 2014 இல் ஜப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. இடையில் நின்று ஆறிய இயந்திரம் இப்போது பாரத்துடன் நிற்காமல் நெடுந்தூரம் ஓடுகிறது. ஆகவே அதன் சூட்டையும் நாம் முன்னரை விடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

சூடு எங்கிருந்து வருகிறது?

நாம் ஊற்றும் டீசலில் உள்ள சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. மீதி எல்லாம் வெப்பமாகிப் புகையோடும் தண்ணீர் வழியாகவும் வெளியேறுகிறது. பாரம் கூடினால் இயந்திரம் கூடுதலாக டீசல் எரிக்கும். டீசல் கூடினால் வெப்பமும் கூடும். அந்த வெப்பத்தை வெளியேற்றும் வழி சற்று அடைபட்டிருந்தாலும் வெறுமையாக ஓடும்போது தெரியாது. பெட்டியில் 20 மூடை ஏறும்போதுதான் தெரியும்.

ஆகவே பாரத்தில் கொதிப்பதற்கு இரண்டு பெருங் காரணங்கள் உண்டு. ஒன்று, வெப்பம் வெளியேறும் வழி அடைபட்டிருக்கலாம். மற்றது, இயந்திரம் அளவுக்கு மீறிய வேலை செய்யலாம். அவுஸ்திரேலியாவில் விடுமுறைக்குப் போகிறவர்கள் வாகனத்தின் பின்னால் கூடார வண்டியை இழுத்துச் செல்வார்கள். அந்த வாகனம் கொதித்தாலும் அவர்கள் தேடுவது இந்த இரண்டையும்தான்.

உங்கள் இயந்திரம் எந்த வகை?

இதை அறியாமல் மேலே போகக் கூடாது. எமது பகுதியில் இரண்டு வகை உண்டு.

முதலாவது, தண்ணீர்த் தொட்டி வகை. சீனத் தயாரிப்பான ஒற்றைச் சிலிண்டர் இயந்திரங்கள் பலவற்றில் மேலே ஒரு தொட்டி இருக்கும். அதில் மிதவை ஒன்று நிற்கும். அதன் நுனியில் சிவப்புக் குமிழ் தெரியும். இந்த வகையில் தண்ணீர் கொதிப்பது நோயல்ல. கொதித்து ஆவியாகியே அது இயந்திரத்தைக் குளிர்விக்கிறது. குமிழ் கீழே இறங்கினால் தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆவி பறக்கிறதென்று பயந்து ‘ஹெட்’டைக் கழற்றத் தேவையில்லை.

இரண்டாவது, றேடியேற்றர் வகை. இதில் இறுக்கமான மூடி, காற்றாடி, அதைச் சுழற்றும் பெல்ற் ஆகியன இருக்கும். இந்த வகையில் மூடி வழியாக ஆவி பீறினால் அது கோளாறுதான்.

வாவித் தண்ணீர் ஊற்றலாமா?

வேண்டாம். வழியில் தண்ணீர் குறைந்தால் வாவியில் ஒரு வாளி அள்ளி ஊற்றுவது சில ஓட்டுநர்களின் பழக்கம். எமது வாவி கடலோடு சேர்ந்த உவர்நீர். அந்த உப்பு இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும்.

தொட்டி வகைக்கு இது இன்னும் கேடு. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு உள்ளேயே நிற்கும். மறுபடி உவர்நீர் ஊற்றினால் மறுபடியும் உப்புச் சேரும். உப்பளத்தில் உப்பு விளைவது இப்படித்தான். நாம் இயந்திரத்துக்குள்ளேயே உப்பளம் வைக்கிறோம்.

கரையோரக் கிணறுகளின் தண்ணீரும் கவனத்துக்குரியது. தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடித்திருந்தால் அதே படை இயந்திரத்தின் உள்ளேயும் பிடிக்கும். அந்தப் படை வெப்பத்தை வெளியே விடாது. தண்ணீர் நிறைய இருந்தும் பாரத்தில் கொதிக்கும் இயந்திரங்கள் சிலவற்றின் நோய் இதுவே.

சுத்தமாகப் பிடித்து வடித்த மழைத் தண்ணீர் நல்லது. றேடியேற்றர் வகைக்குக் கூலன்ற் ஊற்றுவது அதைவிட நல்லது. அதில் துருவைத் தடுக்கும் மருந்து உண்டு. இயந்திரம் வெளியே போகும்போது இரண்டு போத்தல் நல்ல தண்ணீரைப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். ஓட்டுநர் வாவியைத் தேட மாட்டார்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இயந்திரம் வீட்டுக்கு வந்ததும் ஓட்டுநரிடம் இவற்றைக் கேளுங்கள்.

1. திடீரென்று கொதித்ததா, நாளுக்கு நாள் கூடி வந்ததா? நேற்றுவரை நன்றாக ஓடிய இயந்திரம் இன்று திடீரெனக் கொதித்தால் பெல்ற் அறுந்திருக்கலாம், ரப்பர்க் குழாய் வெடித்திருக்கலாம், தண்ணீர் ஒழுகியிருக்கலாம். மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருந்தால் அடைப்பு, உட்படை, தளர்ந்த பெல்ற் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

2. எந்த நேரம் கொதித்தது? பாரத்தோடு மட்டும் என்றால் அடைப்பு, அதிக பாரம், பெட்டியின் கோளாறு. பாரமில்லாமல் நின்று இயங்கும்போதும் கொதித்தால் தண்ணீர்க் குறைவு, காற்றாடி, பெல்ற். காலையில் இயக்கிச் சில நிமிடங்களிலேயே தண்ணீரைத் தள்ளினால் ‘ஹெட் கேஸ்கற்’ பழுதாகியிருக்க இடமுண்டு.

3. எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள்? றேடியேற்றர் வகையில் தினமும் தண்ணீர் குறையக் கூடாது. குறைந்தால் அது எங்கோ போகிறது. வெளியே ஒழுகும் தடம் இருந்தால் அதைத் தேடலாம். தடமே இல்லாவிட்டால் உள்ளே போகிறது என்று கருத வேண்டும்.

செலவில்லாத சோதனைகள்

இவை எல்லாவற்றையும் இயந்திரத்தை நிறுத்தி, நன்றாக ஆறிய பின்னரே செய்ய வேண்டும். சேலைத் தலைப்பு, தாவணி, பின்னல் ஆகியவற்றை முடிந்துகொள்ளுங்கள். சுழலும் பெல்ற் துணியையும் முடியையும் இழுத்துக்கொள்ளும்.

றேடியேற்றரின் முகம்: அறுவடைக் காலத்தில் களவெட்டிக்குப் போய் வந்த இயந்திரத்தின் றேடியேற்றரில் சப்பி, வைக்கோல் தூசு, உமி, பூச்சிகள் அப்பியிருக்கும். மேலே ஒயில் கசிந்திருந்தால் தூசு களிபோல ஒட்டிவிடும். மென்மையான தூரிகையால் துடைத்து, காற்று நுழையும் திசைக்கு எதிர்ப்புறமிருந்து தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வேகமாகப் பீச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். ஒரு வெளிச்சத்தைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாத இடத்தில் காற்றும் போகாது. பாரத்தில் மட்டும் கொதிக்கும் இயந்திரத்துக்கு முதலில் செய்ய வேண்டியது இதுவே.

பெல்ற்: இரண்டு சில்லுகளுக்கும் நடுவே பெருவிரலால் அமத்திப் பாருங்கள். ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் தாழ்ந்தால் சரி. தொய்ந்து போனால் காற்றாடி தேவையான வேகத்தில் சுழலாது. வெடிப்போ மினுக்கமோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

மூடி: றேடியேற்றர் மூடி வெறும் மூடி அல்ல. உள்ளே அழுத்தம் இருக்கும்போது தண்ணீர் 100 பாகையைத் தாண்டியே கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்தாலோ வில் தளர்ந்தாலோ அந்த அழுத்தம் நிற்காது. தண்ணீர் முன்னதாகவே கொதித்து வெளியேறும். முழு றேடியேற்றரையும் மாற்றுமுன் மூடியைப் பாருங்கள்.

ஒயில்: ஒயில் தேய்மானத்தைத் தடுப்பதோடு சூட்டையும் குறைக்கிறது. அளவுக் கம்பியில் குறைவாக இருந்தால் இயந்திரம் சூடாகும்.

எயார் பில்டர்: கிறவல் வீதித் தூசு பில்டரை அடைத்தால் காற்றுக் குறையும். கரும்புகை வரும், இழுவை குறையும், சூடு கூடும். ஒயில் கிண்ணம் உள்ள பில்டராயின் கிண்ணத்தைக் கழுவிப் புது ஒயில் ஊற்றுங்கள். இதற்குப் பின்பும் கரும்புகை நிற்காவிட்டால் டீசலைத் தூவும் நொசிலைத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

பெட்டியைப் பார்த்தீர்களா?

இயந்திரம் கொதித்தால் எல்லோரும் இயந்திரத்தையே பார்க்கிறார்கள். பின்னால் வரும் பெட்டியை ஒருவரும் பார்ப்பதில்லை.

வெறும் பெட்டியை இயந்திரத்திலிருந்து கழற்றி, மட்டமான நிலத்தில் கையால் தள்ளிப் பாருங்கள். இலகுவாக உருள வேண்டும். உருளாவிட்டால் பிறேக் ஒட்டிப் பிடித்திருக்கலாம், அல்லது சக்கரத்தின் பெயாரிங் பழுதாகியிருக்கலாம். ஓடி வந்து நிறுத்தியவுடன் இரு சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மற்றதைவிட அனல் வீசினால் கோளாறு அங்கேதான். ஓட்டுநர் பிறேக்கை அமத்தியபடியே பாரம் இழுத்த நிலைமை அது. றேடியேற்றரை மாற்றினாலும் அந்தக் கொதிப்பு நிற்காது.

ரயரில் காற்றுக் குறைந்தாலும் இழுவை கடினமாகும். பாரத்தையும் கணக்கிடுங்கள். நெல் மூடை ஒன்று 60 கிலோ என்று வைத்தாலும் 20 மூடை 1200 கிலோ. ஈர நெல்லானால் இன்னும் கூடும். ஈர மணல் நெல்லைவிடப் பாரம். உங்கள் இயந்திரமும் பெட்டியும் எவ்வளவு தாங்கும் என்பது கையேட்டில் இருக்கும். “ஒரு நடையில முடிப்பம்” என்று ஏற்றுபவருக்கு ஒரு நடைக்கான டீசல் மிச்சம். உங்களுக்கோ இயந்திரமே நட்டம்.

கியரும் முக்கியம். பாலத்து ஏற்றத்திலும் சேற்றிலும் உயர்ந்த கியரில் முனகிக்கொண்டு இழுத்தால் இயந்திரத்தின் சுழற்சி குறையும். அதோடு காற்றாடியும் மெதுவாகும். வெப்பம் கூடுகிற அதே நேரத்தில் காற்றுக் குறைகிறது. ஏற்றத்துக்கு முன்னரே கியரைக் குறைக்கச் சொல்லுங்கள். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் பாரமான நடைகளைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாகத்தான் ‘ஹெட்’

மேற்சொன்ன யாவும் சரியாக இருந்தும் கொதித்தால் ‘ஹெட் கேஸ்கற்’ பற்றிப் பேசலாம். அதற்கும் கழற்றுமுன் பார்க்கக்கூடிய அறிகுறிகள் உண்டு.

ஆறிய இயந்திரத்தின் மூடியைத் திறந்து, தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி இயக்குங்கள். முதலில் சில குமிழிகள் வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டேயிருந்தால் எரியும் வாயு தண்ணீருக்குள் புகுகிறது. அப்போது கேஸ்கற் பழுது, அல்லது ஹெட்டில் வெடிப்பு.

ஒயில் கம்பியை எடுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேத்தண்ணி நிறமாக மாறியிருந்தால், அல்லது ஊற்றாமலே அளவு கூடியிருந்தால், தண்ணீர் ஒயிலில் கலந்துவிட்டது. அதன் பின் ஒரு நிமிடமும் ஓட்ட வேண்டாம். ஒற்றைச் சிலிண்டர் இயந்திரங்கள் பலவற்றில் சிலிண்டர் உறையின் கீழே ரப்பர் வளையங்கள் உள்ளன. அவை நைந்தாலும் தண்ணீர் ஒயிலில் கலக்கும். கேஸ்கற் மட்டும் மாற்றினால் அந்த நோய் தீராது.

இன்னொன்றும் உண்டு. கேஸ்கற் தானாக எரிவது குறைவு. பெரும்பாலும் வேறு காரணத்தால் இயந்திரம் கொதித்து, அதன் விளைவாகவே கேஸ்கற் எரிகிறது. அந்த முதற் காரணத்தைத் திருத்தாமல் புதிய கேஸ்கற் போட்டால் அதுவும் எரியும்.

கராஜில் எப்படிப் பேசுவது?

“தம்பி, மெசின் கொதிக்குது, பாருங்க” என்று மட்டும் சொன்னால் அவர் ஊகிக்க வேண்டும். ஊகத்துக்கு விலை கொடுப்பவர் நீங்கள். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

“தம்பி, ரெண்டு மாசமா கொஞ்சம் கொஞ்சமாக் கூடி வருது. வெறும் பெட்டியோட ஓடினா ஒண்டுமில்ல. பத்து மூடைக்கு மேல ஏத்தினா கொதிக்குது. றேடியேற்றர் முகம் கழுவியாச்சு, பெல்ற் இறுக்கம் சரி. பெட்டி தள்ளினா உருளுது. ஒயில் நிறம் மாறல்ல. தண்ணியில குமிழி இல்ல.”

“அப்ப ஹெட்டத் தொடத் தேவல்ல அக்கா. உள்ளுக்குப் படை பிடிச்சிருக்கும். கழுவிப் பாப்பம்.”

நேர்மையான மெக்கானிக் இதைக் கேட்டு மகிழ்வார். மற்றவர் யோசிப்பார். வேலை தொடங்குமுன் விலையைக் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தை உங்களிடம் தரச் சொல்லுங்கள். ஹெட் கழற்றினால் அதன் மேற்பரப்பு வளைந்துள்ளதா என்று மட்டக் கோல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இவற்றைக் கேட்பது சண்டையல்ல, உரிமையாளரின் உரிமை.

வழியில் கொதித்தால்

ஓட்டுநருக்கும் பிள்ளைகளுக்கும் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

நிழலில் நிறுத்திப் பாரத்திலிருந்து இயந்திரத்தை விடுவிக்க வேண்டும். தண்ணீர் இருந்தால் மெதுவான ஓட்டத்தில் சில நிமிடம் விட்டுப் பின் நிறுத்தலாம். ஆவி பீறினாலோ தண்ணீர் கொட்டிப் போயிருந்தாலோ உடனே நிறுத்த வேண்டும்.

சூடான றேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பாயும். அரை மணித்தியாலமாவது விட்டு, கைவைக்கக் கூடிய சூட்டுக்கு வந்த பின், தடித்த ஈரச் சாக்கை மேலே போட்டு மெதுவாகத் திருக வேண்டும். வற்றிப் போன சூடான இயந்திரத்தில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். ஆறவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

கொதிநீர் பட்டுவிட்டால் அந்த இடத்தில் 20 நிமிடம் சுத்தமான, குளிர்ந்த தண்ணீர் ஓடவிடுங்கள். பற்பசை, எண்ணெய், மை எதுவும் பூச வேண்டாம். முகத்திலோ கண்ணிலோ பட்டிருந்தால், அல்லது பெரிய கொப்புளமானால், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஒரு கொப்பி போதும்

பாடசாலைப் பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுங்கள். இயந்திரம் வெளியே போகும் ஒவ்வொரு நாளும் ஐந்து விடயங்களை எழுதுங்கள்: திகதி, போன இடம், ஏற்றிய பாரம், ஊற்றிய தண்ணீர் எத்தனை கோப்பை, கொதித்ததா இல்லையா. ஒரு மாதத்தில் அந்தக் கொப்பியே உங்களுக்கு நோயைச் சொல்லும். தண்ணீர்க் கோப்பைகள் கூடிக்கொண்டே போனால் பெரிய செலவு வருமுன் தெரிந்துவிடும். ஓட்டுநர் சொல்வதும் கொப்பி சொல்வதும் ஒன்றாக இருக்கிறதா என்பதும் தெரியும்.

இயந்திரம் ஆம்பிளைகளின் விடயம் என்று எமக்குச் சொல்லித் தந்தவர்கள் பலர். அதன் தவணையைக் கட்டுவது பெண் என்றால், அதன் சூட்டைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டியவளும் அவளே. கிராமத்தில் இயந்திரம் வைத்திருக்கும் சகோதரிகள் மூன்று நான்கு பேர் ஒரு நாள் மாலை கூடி, ஒரு லேண்ட்மாஸ்டரை நடுவில் வைத்து இந்தச் சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். ஒருமுறை கையால் செய்தால் மறக்காது. வரும் அறுவடைக்கு முன்னரே செய்துவிடுவது நல்லது.